டீயில் நனைத்த வர்க்கியும் இரண்டு பல்லும்

"பிள்ளைக்குப் பல் முளைக்குது நர்ஸம்மா, கையில கிடைச்சதையெல்லாம் கடிக்குது, என்ன குடுக்கட்டும்?" குன்னூர்ப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்ட ஆஸ்பத்திரியில் நான் வேலை பார்த்த 29 வருஷத்தில் அதிகம் கேட்ட கேள்விகளில் இது ஒன்று. கேட்பவள் பெற்றவள். ஆனால் நான் வாயைத் திறப்பதற்குள் பதில் வேறு இடத்திலிருந்து வந்துவிடும். கூட வந்த மாமியாரோ, பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் தாத்தாவோ, "இதுக்குப் போய் ஆஸ்பத்திரிக்கு வரணுமா? ஒரு வர்க்கியை டீயில முக்கிக் குடு, சப்பிக்கிட்டுக் கிடக்கும்" என்பார்கள். வர்க்கி இல்லாத வீட்டில் பிஸ்கட். பிஸ்கட்டும் இல்லையென்றால் ரஸ்க். டீ மட்டும் மாறாது.

நான் ஓய்வு பெற்று வருஷங்கள் ஆகிவிட்டன. அந்தப் பதில் இன்னும் ஓய்வு பெறவில்லை. இதைப் படிப்பவர்களில் பெரும்பாலோர் என் வயதுக்காரர்கள், பேரன் பேத்தி எடுத்தவர்கள். அதனால் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். இந்தப் பழக்கத்தைக் கட்டிக் காப்பாற்றுவது இளம் தாய்மார்கள் இல்லை, வீட்டிலிருக்கும் பெரியவர்கள். அதை விட்டுவிட வேண்டும். கோபம் வரும். முழுவதும் படித்துவிட்டுக் கோபப்படுங்கள்.

வர்க்கி மேல் எனக்கு விரோதம் கிடையாது. 2023இல் ஊட்டி வர்க்கிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது சந்தோஷப்பட்டவர்களில் நானும் ஒருத்தி. மூடுபனி இறங்குகிற சாயங்காலத்தில், பேக்கரி வாசலில் நின்று சூடாக ஒன்றை உடைத்து வாயில் போட்டுக்கொள்ளும் சுகம் மலைக்காரர்களுக்குத்தான் தெரியும். ஆனால் அதற்குள் என்ன இருக்கிறது? மைதா, சர்க்கரை, வனஸ்பதி அல்லது நெய், உப்பு. குளுக்கோஸ் பிஸ்கட் என்று பெயர் போட்டு வரும் பாக்கெட்டைத் திருப்பிப் பின்பக்கம் படியுங்கள் (பூதக்கண்ணாடி தேவைப்படும், அப்படித்தான் அச்சடிக்கிறார்கள்). பலவற்றில் எடையில் ஏறக்குறைய கால் பங்கு சர்க்கரை. எட்டு மாதக் குழந்தைக்கு உப்பும் சர்க்கரையும் சேர்க்க வேண்டாம் என்று எந்தக் குழந்தை மருத்துவரிடம் கேட்டாலும் சொல்வார். இரண்டு வயது வரை சர்க்கரை சேர்க்காமல் இருப்பது நல்லது என்பதுதான் இன்றைய மருத்துவ அறிவுரை. நாமோ முதல் பல் தலை காட்டியதும் அதன் மேல் மைதாப் பசையையும் சர்க்கரையையும் பூசுகிறோம். டீயில் ஊறிய வர்க்கி வாயில் கரைந்துவிடும் என்பது நமது நினைப்பு. அது கரையாது. ஈறிலும் மேலண்ணத்திலும் ஒட்டிக்கொள்ளும். இரண்டு வயதில் முன்பல் நாலும் கறுத்து, பொடிந்து வரும் குழந்தைகளை நான் எத்தனையோ பார்த்திருக்கிறேன். "பால் பல்தானே, விழுந்து வேற முளைக்கும்" என்பார்கள். விழுகிற வயது ஆறு. நாலு வருஷம் அந்தப் பிள்ளை எதை வைத்துக் கடிக்கும்?

இந்தக் கதையில் எனக்கு ஆற்றாமை தருகிற விஷயம் ஒன்று உண்டு. வெள்ளை மாவும் சர்க்கரை டீயும் உடம்பை என்ன செய்யும் என்பதை நம் குன்னூரிலேயே ஒருவர் சோதித்துக் காட்டிவிட்டுப் போயிருக்கிறார்.

சிம்ஸ் பார்க் எதிரே பாஸ்டர் இன்ஸ்டிடியூட் கட்டடத்தைப் பார்க்காத நீலகிரிக்காரர் இருக்க முடியாது. நாய்க்கடி மருந்துக்குப் பெயர் போன இடம் என்று மட்டும்தான் நம்மில் பலருக்குத் தெரியும். 1918இல் அங்கே ஒரே ஓர் அறையில், பெரிபெரி நோயைப் பற்றி ஆராய உட்கார்ந்தார் ராபர்ட் மெக்காரிசன் என்கிற ராணுவ மருத்துவர். அந்த ஓர் அறைதான் வளர்ந்து ஊட்டச்சத்து ஆராய்ச்சிக் கூடமாகி, 1958இல் ஹைதராபாத்துக்குப் போய், இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்று பெரிதாக நிற்கிறது. இந்தியர் எதைச் சாப்பிடலாம், எதில் எவ்வளவு சத்து என்று நாடு முழுக்கப் பாடம் படித்த அட்டவணை குன்னூரில் பிறந்தது. மெக்காரிசனுக்குப் பிறகு பொறுப்பேற்ற அய்க்ராய்ட் 1937இல் அதைப் புத்தகமாகவே போட்டார்.

மெக்காரிசன் செய்த எலிச் சோதனை ஒன்று ரொம்பப் பிரபலம். ஒரு கூட்டம் எலிகளுக்குப் பஞ்சாப் பக்கத்துச் சாப்பாடு: முழுக் கோதுமைச் சப்பாத்தி, பால், பருப்பு, பச்சைக் காய்கறி, எப்போதாவது இறைச்சி. இன்னொரு கூட்டத்துக்கு இங்கிலாந்து ஏழைகள் சாப்பிட்டது: வெள்ளை ரொட்டி, மார்ஜரின், கொஞ்சம் பால் விட்ட சர்க்கரை டீ, வெந்து நைந்த காய், டப்பா இறைச்சி, மலிவு ஜாம். முதல் கூட்டம் கொழுகொழுவென்று வளர்ந்தது. இரண்டாம் கூட்டம் வளர்ச்சி குன்றியது, நெஞ்சிலும் குடலிலும் நோய் கண்டது, கவனித்துக்கொண்டவர்களைக் கடித்தது, கடைசியில் பலவீனமான எலிகளைக் கொன்று தின்றது. (நமது அரிசிச் சாப்பாட்டுக்கும் அவர் நல்ல மார்க் போடவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் யாராவது கேட்பீர்கள்.) எலிக்கு நடந்தது குழந்தைக்கு அப்படியே நடக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. வெள்ளை ரொட்டியும் மார்ஜரினும் சர்க்கரை டீயும் சேர்ந்த அந்தத் தட்டைப் பார்த்துவிட்டு, டீயில் முக்கிய வர்க்கியைப் பாருங்கள். ஒரே குடும்பம்தானே!

டீயின் பங்கு தனி. தேயிலையை நம்பி வாழ்கிற ஊரில் இதைச் சொல்லத் தைரியம் வேண்டும், சொல்கிறேன். டீயிலுள்ள துவர்ப்புச் சத்து, சாப்பாட்டில் இருக்கும் இரும்புச் சத்தை உடம்பு எடுத்துக்கொள்ள விடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும். பெரியவர்களுக்கே சாப்பாட்டோடு டீ வேண்டாம் என்கிறோம். குழந்தை பிறக்கும்போது தாயிடமிருந்து கொண்டுவரும் இரும்புச் சேமிப்பு ஆறு மாத வாக்கில் தீர ஆரம்பிக்கும். முதல் பல் முளைப்பதும் ஏறக்குறைய அப்போதுதான். இரும்பு அதிகம் தேவைப்படும் நேரத்தில் இரும்பு குறைந்த மைதாவையும், வருகிற கொஞ்சத்தையும் தடுக்கிற டீயையும் சேர்த்துக் கொடுக்கிறோம். 2019-21இல் எடுத்த தேசிய குடும்ப நல ஆய்வில், ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் இந்தியாவில் 67.1 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. தமிழ்நாட்டில் 57.4. முந்தைய ஆய்வைவிட இரண்டும் கூடியிருக்கின்றன, குறையவில்லை. இதற்கு டீ ஒன்றே காரணம் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் நம் கையிலிருக்கும் காரணங்களில் இதைவிட எளிதாக நிறுத்தக்கூடியது வேறு எது?

"நாங்கள்ளாம் இப்படித்தான் வளர்ந்தோம், என்ன கெட்டுப் போச்சு?" இந்த வாதத்தைப் பெரியவர்கள் ஒரு பிரம்மாஸ்திரம் மாதிரி எடுப்பார்கள். வளர்ந்தவர்கள்தான் வந்து வாதாடுகிறோம். வளராமல் போனவர்கள் வாதாட வருவதில்லை. பழைய லைன் வீடுகளில் ஐந்தாறு பெற்று மூன்றைக் காப்பாற்றிய அம்மாக்களை நம் எல்லோருக்கும் தெரியும். அது போகட்டும், இரவு படுக்கும்போது டம்ளர் தண்ணீரில் பல் செட்டைக் கழற்றி வைத்துவிட்டு, மறுநாள் காலையில் "எங்களுக்கு என்ன கெட்டுப் போச்சு" என்று கேட்பதில் எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது.

தாய்மார்களைக் குறை சொல்லவில்லை என்று மேலே சொன்னேன். அதற்குக் காரணம் இருக்கிறது. காலையில் கொழுந்துக் கூடையை மாட்டிக்கொண்டு மலை ஏறுகிறவள், பிள்ளையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டுத்தான் போகிறாள். (சிலோனிலிருந்து வந்த குடும்பங்கள் கொண்டுவந்த வார்த்தை. சட்டத்தில் குழந்தைகள் காப்பகம். எங்களுக்கு என்றும் காம்பராதான்.) 1951ஆம் வருஷத்துத் தோட்டத் தொழிலாளர் சட்டத்தின்படி, 50 பெண்கள் வேலை செய்கிற தோட்டத்திலோ, அவர்களுடைய குழந்தைகள் 20 பேர் இருக்கிற தோட்டத்திலோ இது இருந்தாக வேண்டியிருந்தது. பயிற்சி பெற்ற பெண் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. 1961ஆம் வருஷத்து மகப்பேறு சட்டம், குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை வேலை நேரத்தில் இரண்டு முறை போய்ப் பால் கொடுத்துவரத் தாய்க்கு உரிமை தந்தது. நல்ல சட்டங்கள். ஆனால் அவளுக்கு ஒதுக்கிய மலை காம்பராவிலிருந்து எவ்வளவு தூரம் என்பதைச் சட்டம் எழுதியவர் ஏறி இறங்கிப் பார்த்திருக்க மாட்டார். எடைக்கு நேரமாகிவிடும். அதனால் அவள் வருவதில்லை. ஒரு ஆயா, பத்துப் பதினைந்து பிள்ளைகள், ஒரு பெரிய கெட்டில் டீ, ஒரு பிஸ்கட் டப்பா. எந்தப் பிள்ளை அழுகிறதோ அதன் கையில் ஒன்று. அழுகை நிற்கும். ஆயா மேல் கோபப்பட்டு என்ன பயன்? அவள் கையில் கொடுக்கப்பட்டிருப்பது அது ஒன்றுதான்.

இப்போது பல டிவிஷன்களில் காம்பராவே மூடிக் கிடக்கிறது. நம் பிள்ளைகள் கோயம்புத்தூருக்கும் திருப்பூருக்கும் போய்விட்டார்கள். கொழுந்து எடுப்பவர்களில் ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்தவர்கள் நிறைய. அவர்களுடைய பிள்ளைகள் லைன் வாசலில் பாக்கெட் பிஸ்கட்டைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்க்கிறேன். பாட்டி கூட இல்லாத பிள்ளைகள் அவை. அங்கே பெரியவர் என்றால் ஏழு வயது அக்காதான்.

பாக்கெட் என்றதும் ஞாபகம் வருகிறது. கொஞ்சம் வசதியானவர்கள், "நாங்க பிஸ்கட்டெல்லாம் தர்றதில்லை, டப்பா மாவுதான்" என்று பெருமையாகச் சொல்வார்கள். 2024 ஏப்ரலில் பப்ளிக் ஐ என்கிற சுவிட்சர்லாந்து அமைப்பு ஓர் அறிக்கை வெளியிட்டது. இந்தியாவில் விற்கும் செரிலாக்கில் ஒரு வேளை அளவுக்குச் சராசரியாக ஏறக்குறைய 3 கிராம் சர்க்கரை சேர்க்கப்பட்டிருக்கிறது, அதே கம்பெனி ஜெர்மனியிலும் இங்கிலாந்திலும் சேர்ப்பதில்லை என்று. நெஸ்லே கம்பெனி, இந்தியச் சட்டப்படிதான் செய்கிறோம், ஐந்து வருஷத்தில் 30 சதவீதம் வரை குறைத்திருக்கிறோம் என்று பதில் சொன்னது. அந்த வருஷமே சர்க்கரை சேர்க்காத வகைகளையும் அறிவித்தது. கேட்டால் குறைக்கிறார்கள், அப்படியென்றால் கேட்க வேண்டியதுதான். 1992இல் வந்த குழந்தைப் பால் மாற்றுணவுச் சட்டம், இரண்டு வயது வரையிலான குழந்தை உணவுகளை விளம்பரம் செய்யக் கூடாது என்கிறது. பிஸ்கட் 'குழந்தை உணவு' என்ற பெயரில் விற்கப்படுவதில்லை. அதனால் அது அந்த வேலிக்கு வெளியே சுதந்திரமாக மேய்கிறது.

சரி, மைதா வேண்டாம், ஊட்டிக் கேரட் இருக்கிறதே, இயற்கை, சத்து, கடிக்கவும் நன்றாக இருக்கும் என்று நினைக்கிறீர்களா? இங்கேதான் நான் பயப்படுகிறேன். பச்சைக் கேரட் பிஸ்கட்டைவிட ஆபத்து.

முதலில் முளைப்பது கீழ்வரிசை முன்பல் இரண்டு, ஆறிலிருந்து பத்து மாதத்துக்குள். பிறகு மேலே இரண்டு, பக்கத்தில் இரண்டு என்று வரும். அரைக்கிற கடைவாய்ப் பற்கள் ஒரு வயது தாண்டித்தான். இருபது பல்லும் வந்து முடிய இரண்டரை, மூன்று வயது ஆகும். ஆக, ஒன்பது மாதப் பிள்ளைக்குக் கடித்துத் துண்டாக்கத் தெரியும், அரைக்கத் தெரியாது. இந்த ஒரு வரியை மனதில் வைத்துக்கொண்டால் எதைக் கொடுக்கலாம், எதைக் கூடாது என்பது தானாக விளங்கும். பச்சைக் கேரட்டை அது கீறிக் கீறி ஒரு துண்டு எடுத்துவிடும். அந்தத் துண்டை அதனால் மெல்ல முடியாது. மூச்சுக்குழாய் குழந்தையின் சுண்டுவிரல் பருமன்கூட இருக்காது. பச்சை ஆப்பிள், கெட்டிப் பேரிக்காய், முறுக்கு, பொரி, முழுத் திராட்சை எல்லாம் இந்தக் கணக்கில்தான் வரும். நிலக்கடலை எல்லாவற்றுக்கும் மேலே.

நான் வேலையிலிருந்த கடைசிக் காலத்தில் பதினோரு மாதப் பையன் ஒருவன். ஐந்து வயது அண்ணன் பாசத்தில் வாயில் கடலை போட்டிருக்கிறான். ஒரு நிமிஷம் புரை ஏறி இருமினான், அடங்கிவிட்டது. யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அப்புறம் விட்டு விட்டு இருமல், மூச்சில் வீஸ் சத்தம். மலையில் டிசம்பர் மாதம் எந்தக் குழந்தைதான் இருமாது? டவுனில் காட்டினார்கள். சளி என்றார்கள், மருந்து கொடுத்தார்கள். மூன்று வாரம் போய்விட்டது. அவனை எங்களிடம் கொண்டுவந்தபோது ஒரு பக்க நெஞ்சில் காற்றுப் போகும் சத்தம் குறைவாக இருந்தது. எங்கள் டாக்டர் அம்மாவிடம் திரும்பத் திரும்பக் கேட்டார், "என்ன சாப்பிட்டான், என்ன சாப்பிட்டான்" என்று. அண்ணன்காரன்தான் மூலையில் நின்றுகொண்டு சொன்னான். அன்று ராத்திரியே கோயம்புத்தூர். குழாய் விட்டு எடுத்தது அரைக் கடலை. பையன் பிழைத்துக்கொண்டான். மலையிலிருந்து ராத்திரி வண்டியில் அந்த அம்மாவோடு போனவள் நான். கொண்டை ஊசி வளைவுகளை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே போனது இன்னும் மறக்கவில்லை.

அதனால்தான் சொல்கிறேன், டவுனில் இருப்பவர்களைவிட எஸ்டேட்டில் இருப்பவர்கள் இதில் பத்து மடங்கு கவனமாக இருக்க வேண்டும். 108ஐக் கூப்பிட்டால் வருவார்கள், ஆனால் பாதை பாதைதானே. அடைத்துக்கொண்டால் முதல் நாலு நிமிஷம் உங்கள் கையில்தான் இருக்கிறது. ஓக்கரித்து, இருமி, சத்தம் போடுகிற பிள்ளையை விடுங்கள், அது தானே வெளியே தள்ளும். சத்தமே வராமல், அழ முடியாமல், நிறம் மாறுகிறது என்றால்தான் அடைப்பு. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையை முன்கையில் குப்புறப் போட்டு, தலை தாழ்ந்திருக்கும்படி தாங்கிப் பிடித்து, தோள்பட்டை இரண்டுக்கும் நடுவில் உள்ளங்கை அடிப்பகுதியால் ஐந்து தட்டு. வரவில்லையென்றால் மல்லாக்கத் திருப்பி, நெஞ்செலும்பின் நடுவில் இரண்டு விரலால் ஐந்து அழுத்து. மறுபடி தட்டு. வாய்க்குள் கண்ணுக்குத் தெரியாமல் விரலை விட்டுத் துழாவாதீர்கள், உள்ளே தள்ளிவிடுவீர்கள். தண்ணீர் ஊற்றவே கூடாது. இதையெல்லாம் கொஞ்சம் பேரன் பொம்மையை வைத்துப் பழகிக்கொண்டால் நல்லது. நடக்கும்போது படிக்க நேரம் இருக்காது.

இனி, கொடுக்கக்கூடியவை. நம் மலை இதில் பணக்கார மலை. எனக்கு வருத்தமே அதுதான்.

அதே கேரட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கேத்தி பாலாடாவில் கழுவி மூட்டை கட்டி லாரி லாரியாக எங்கெங்கோ போகிறது. நாம் சாம்பாருக்கு மட்டும் இரண்டு வாங்குகிறோம். தோல் சீவி, விரல் நீளத்துக்கு, நீளவாக்கில் நாலாக வகிர்ந்து, இட்லித் தட்டில் வைத்து ஆவியில் வேகவையுங்கள். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து அமுக்கினால் மசிய வேண்டும். மசியவில்லையா, இன்னும் வேகட்டும். பெரியவர்களுக்குக் குழைந்துபோனது என்று தோன்றினால் குழந்தைக்குச் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். வட்ட வட்டமாக நறுக்க வேண்டாம், அது தொண்டையில் மூடி மாதிரி உட்கார்ந்துகொள்ளும். குழந்தையின் கை முழு முஷ்டியாகத்தான் பிடிக்கும், அதனால் முஷ்டிக்கு வெளியே கொஞ்சம் நீட்டிக்கொண்டிருக்கிற நீளம் வேண்டும். உருளைக்கிழங்கும் அப்படியே. பீட்ரூட்டும் தரலாம், மறுநாள் மலம் சிவப்பாகப் போனால் ரத்தம் என்று பதறி ஓடி வராதீர்கள் (வந்திருக்கிறார்கள், ராத்திரி பத்து மணிக்கு).

பட்டர் ஃப்ரூட் என்று நாம் சொல்கிற வெண்ணெய்ப் பழம் குன்னூர்ச் சரிவிலும் பர்லியார் பக்கமும் காய்த்துத் தொங்குகிறது. அடுப்பே வேண்டாம், கீற்றாக அறுத்துக் கையில் கொடுத்தால் போதும். கூடலூர், பந்தலூர்ப் பக்கம் நேந்திரம்பழத்தை ஆவியில் வேகவைத்து நீளமாகக் கீறித் தருவார்கள், அதில் சர்க்கரை போடத் தேவையே இல்லை. பேரிக்காயை வேகவைத்துத் தரலாம். மஞ்சள் கருவும் வெள்ளைக் கருவும் நன்றாக வெந்த முட்டை, மெல்லிய ஆம்லெட் கீற்று, நாலாக நீளவாக்கில் கீறிய மெது இட்லி. இட்லியைப் பருப்புத் தண்ணீரில் தொட்டுத் தாருங்கள், டீயில் தொட வேண்டாம்.

ராகியைத் தனியாகச் சொல்ல வேண்டும். படகர் வீடுகளில் எரகி ஹிட்டு என்று களி கிண்டிச் சாப்பிட்டு இந்த மலையில் தலைமுறை தலைமுறையாக மனிதர்கள் உழைத்தார்கள். ராகியும் சாமையும் விளைந்த சரிவுகளில் இன்று தேயிலையும் மலைக்காய்கறியும் நிற்கின்றன. 100 கிராம் ராகியில் சுண்ணாம்புச் சத்து சுமார் 350 மில்லிகிராம். தீட்டிய அரிசியில் பத்தைத் தாண்டாது. பல் முளைக்கும் பிள்ளைக்கு இதைவிட என்ன வேண்டும்? களியை உருண்டையாகக் கையில் கொடுத்தால் தொண்டையில் ஒட்டும், அதனால் ராகி தோசையை மெத்தென்று வார்த்து ரிப்பன் மாதிரி கீறிக் கொடுங்கள். முளைகட்டி அரைத்த மாவு இன்னும் விசேஷம். அங்கன்வாடியில் ஆறு மாதத்திலிருந்து மூன்று வயது வரையிலான பிள்ளைகளுக்கு வீட்டுக்குக் கொடுத்துவிடும் சத்துமாவு ஒன்று இருக்கிறது: கோதுமை, முளைகட்டிய ராகி, கடலைப்பருப்பு, வெல்லம். அதில் வெல்லம் தாராளம் என்பது என் குறை. ஆனாலும் டீயில் முக்கிய மைதாவுக்கு எத்தனையோ மேல். அதை வாங்கி மாட்டுக்குக் கரைத்து ஊற்றுகிற வீடுகள் எனக்குத் தெரியும். மாட்டுக்குச் சத்துமாவு, பிள்ளைக்கு வர்க்கி!

எதைக் கொடுத்தாலும் பிள்ளையை நிமிர்த்தி உட்கார வைத்து, நீங்கள் எதிரில் உட்கார்ந்து கொடுங்கள். முதுகில் துணி கட்டித் தூக்கிக்கொண்டு நடக்கும்போதும், தூளியில் படுத்திருக்கும்போதும் வேண்டாம். தாய்ப்பால் இரண்டு வயது வரை தொடரட்டும், இதெல்லாம் அதோடு சேர்த்துத்தான்.

இன்னும் ஒன்றிரண்டு பாக்கி இருக்கிறது, வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஈறில் தேன் தடவும் பழக்கம். மலைத்தேன் சுத்தமானது, கலப்படமில்லாதது என்பீர்கள். சுத்தமான தேனிலும் ஒரு கிருமியின் விதை இருக்க முடியும். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையின் குடலில் அது முளைத்து விஷத்தை உண்டாக்கி, கை கால் துவள வைத்துவிடும். ஒரு வயது வரை ஒரு சொட்டும் கூடாது. ஈறு மரத்துப்போக என்று கடையில் விற்கும் களிம்பும் வேண்டாம். பென்சோகெய்ன் கலந்தவற்றை இரண்டு வயதுக்குள் பயன்படுத்தக் கூடாது என்று 2018இல் அமெரிக்க மருந்துத் துறையே எச்சரித்தது. கையை நன்றாகக் கழுவிவிட்டு விரலால் ஈறை மெல்லத் தேய்த்துவிடுங்கள், அதற்குச் சமமான மருந்து கிடையாது. மணி கோத்த வசம்பு வளையல், அறுந்தால் அந்த மணி எங்கே போகும் என்று யோசியுங்கள். பல்லுக்கொழுக்கட்டை செய்கிற வீடுகள் தாராளமாகச் செய்யட்டும். அது தலையில் கொட்டுவதற்கு, பெரியவர்கள் பொறுக்கித் தின்பதற்கு. தேங்காய்ப் பல் பதித்த கொழுக்கட்டையைக் குழந்தை வாயில் வைக்காதீர்கள்.

கடைசியாக, "பல் முளைக்குது, அதான் பேதி, அதான் காய்ச்சல்" என்று சொல்லிச் சும்மா இருக்காதீர்கள். பல் எச்சிலை ஒழுக வைக்கும், சிணுங்க வைக்கும், தூக்கத்தைக் கெடுக்கும். கொளுத்துகிற காய்ச்சலும் தண்ணீராகப் போகிற பேதியும் பல்லின் வேலை இல்லை. கீழே கிடந்ததை எடுத்து வாயில் வைத்ததன் வேலை. உப்பு சர்க்கரைக் கரைசல் பாக்கெட்டைக் கரைத்துக் கொடுத்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

காம்பரா இன்னும் இயங்குகிற தோட்டங்களில் பேரப்பிள்ளைகள் இருப்பவர்களுக்கு ஒரு யோசனை. காலையில் மருமகள் ஓடும்போது, உங்களுக்கு இட்லி ஊற்றுகிற தட்டில் ஒரு குழியில் கேரட்டும் ஒரு குழியில் உருளைக்கிழங்கும் வைத்து எடுத்துவிடுங்கள். சின்ன டிபன் டப்பாவில் போட்டு, மூடியில் பிள்ளையின் பெயரை எழுதி ஆயாவிடம் நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள். டீ வேண்டாம் என்று அவளிடம் சொல்ல மருமகளுக்குக் கூச்சமாக இருக்கும், உங்களுக்கு என்ன கூச்சம்? நாலு தாத்தா பாட்டி சேர்ந்து போனால் அந்தக் கெட்டிலில் டீக்குப் பதில் பருப்புத் தண்ணீர் வைக்கச் சொல்லி ஆபீசிலும் கேட்கலாம். பெரிய துரைகள் காலத்தில் கேட்கத்தான் பயம். இப்போது மனு எழுத நான் இருக்கிறேன், கையெழுத்துப் போட வாருங்கள்.